மழையைச் செதுக்கியவர்

தோக்கியோவில் மரக்கட்டை அச்சுப் படங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றில் என் நண்பர் ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகெயின் பாலத்து மழை. ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் திடீரென்று மழை கொட்ட, ஆட்கள் குடைக்குள் ஒண்டிக்கொண்டு குனிந்து ஓடுவார்களே, அந்தப் படம். புதிதாகச் செதுக்கிய பலகைகளிலிருந்து பழைய முறையிலேயே கையால் அச்சிட்ட தாள் அது. வெகுநேரம் பார்த்தார், விலையைக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அசல் இல்லையே" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்குகிற எவரும் அதைத்தான் யோசிப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் அடங்கவே இல்லை. இது அசல் இல்லை என்றால் அசல் எங்கே இருக்கிறது? ஹிரோஷிகெ 1857இல் தன் கையால் வரைந்த தாளா? அது அந்த வருடமே அழிந்துபோனது. வரைந்த தாளை அழிக்காமல் இந்தப் படம் பிறந்திருக்கவே முடியாது. அப்படியென்றால் அன்று செதுக்கிய பலகைகளா? பலகையில் மழையும் கிடையாது, மேகமும் கிடையாது. மேடும் பள்ளமுமான மரம்தான் உண்டு. அந்தக் காலத்தில் அச்சான தாள்கள் என்று சொன்னால், அவற்றில் எது? ஒன்றின் மேகம் மற்றொன்றில் இல்லை.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு சில வருடங்களாக அச்சுப் படங்களையும், அவற்றைச் செய்கிறவர்களின் கைகளையும் பார்த்து வருகிறேன். எனக்கென்று ஒரு முடிவும் உண்டாகியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வான்கோ இந்தப் படத்தைப் பார்த்து 1887இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார் என்பது பலருக்கும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே புலப்படும். வான்கோவின் மழை படத்தின் மேல் விழுகிறது. தூரிகை போன தடம் ஒவ்வொன்றும் தடிமனாக, தனித்தனியாகத் தெரியும். ஹிரோஷிகெயின் படத்தில் மழை தாளுக்குள்ளேயே பெய்கிறது. வான்கோவுக்குத் திறமை குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. அவரிடம் இருந்தது தூரிகை. ஹிரோஷிகெயிடம் இருந்தது தூரிகை மட்டுமில்லை, வேறு இரண்டு பேரின் கைகளும்.

அழிவதற்காக வரையும் படம்

தோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்து முறையில் ஒரு படத்துக்கு நான்கு பேர் வேண்டும். பணம் போட்டு, எந்தப் படம் விற்கும் என்று கணித்து, எல்லாரையும் கட்டி மேய்க்கும் பதிப்பாளர், வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர். பாலத்து மழை இடம்பெறும் 'எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசைக்கு உவோயா எய்கிச்சி பதிப்பாளர். அதே காலத்தின் இன்னொரு பெரிய ஓவியர் ஹொகுசாய். பேரலைப் படம் இடம்பெறும் அவருடைய புஜி மலை வரிசைக்கு நிஷிமுராயா யோஹாச்சி. இவர்கள் கலையை வளர்க்க வந்த புரவலர்கள் இல்லை, வியாபாரிகள். ஆனாலும் அந்தக் கணக்கும் பேரமும் இல்லாமல் இந்த மழையும் அலையும் நமக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வரைபவர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டுச் சித்திரம் மட்டும் வரைவார். வண்ணம் கிடையாது. செதுக்குபவர் அந்தத் தாளை முகம் கீழாகப் பலகையில் ஒட்டுவார். பிறகு விரலால் தேய்த்துத் தேய்த்துத் தாளின் முதுகிலிருந்து நாரை உரித்தெடுப்பார். கடைசியில் மரத்தின் மேல் மிஞ்சுவது மை ஏறிய ஒரு மெல்லிய தோல்தான். கோடு தெளிவாகத் தெரிய அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுவார். அப்புறம் கத்தி. வரைந்த கோட்டின் இரண்டு புறமும் வெட்டி, கோடு இல்லாத இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எறிவார். வேலை முடியும்போது ஓவியரின் தாள் மரத்தூளோடு கலந்து போயிருக்கும். ஹொகுசாயின் 103 சித்திரங்கள் அடங்கிய ஒரு கட்டு 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 'எல்லாவற்றுக்குமான மாபெரும் படப் புத்தகம்' என்ற நூலுக்காக அவர் வரைந்தவை. அவை இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பதற்கு ஒரே காரணம், அந்த நூல் வெளிவராமலே நின்றுபோனதுதான். வெளிவந்திருந்தால் அத்தனையும் பலகையில் கரைந்திருக்கும்.

எனக்கு இந்த இடம் முக்கியம். ஓவியர் தன் தாள் அழியும் என்று தெரிந்தே வரைகிறார். அவர் வரைவது இன்னொருவர் கத்தி போக வேண்டிய வழியை. வண்ணமும் அப்படித்தான். கோட்டுப் பலகை தயாரானதும் அதிலிருந்து சில தாள்களைக் கறுப்பில் மட்டும் அச்சிடுவார்கள். ஓவியர் ஒவ்வொரு தாளிலும் ஒரு வண்ணம் வரவேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுப்பார். அந்தத் தாள்களும் ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டப்படும், செதுக்கப்படும், அழியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு பலகை முகம். மரம் விலை உயர்ந்தது என்பதால் பலகையின் இரண்டு பக்கமும் செதுக்குவதுண்டு.

பலகை என்றால் எந்த மரமும் ஆகாது. யமசகுரா என்ற மலைச் செர்ரி மரம். மிகக் கெட்டியானது, இழை நெருக்கமானது, ஆயிரக்கணக்கான தாளுக்கு அழுத்தம் தாங்கும். வருடக்கணக்கில் உலரவைத்துத்தான் எடுப்பார்கள். ஐரோப்பாவில் நுண்ணிய மரச்செதுக்கு வேலைக்கு மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தை எடுத்தார்கள். அங்கே உளி எந்தத் திசையிலும் தடையில்லாமல் ஓடும். ஜப்பானியர்கள் எடுத்தது நீளவாக்கில் அறுத்த பலகையை. ரேகை ஒரு பக்கமாக ஓடும். அதற்குக் குறுக்காகவோ சாய்வாகவோ மெல்லிய கோடு எடுத்தால் எந்த நொடியிலும் சில்லு பெயர்ந்துவிடலாம். பாலத்து மழையின் கோடுகள் அத்தனையும் சாய்ந்தவை என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

மழைக்கோடு

அந்தப் படத்தில் மழை ஒரே வரிசையில் விழவில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு மழை தெரியும். ஒன்று கொஞ்சம் வெளிறியது, மற்றது கறுத்தது, இரண்டின் சாய்வும் சற்றே வேறு. இரண்டு தனித்தனிப் பலகைகள். ஒன்றின் மேல் ஒன்று விழும்போது கோடுகள் அங்கங்கே வெட்டிக்கொண்டு காற்று திசை மாறி அடிப்பதுபோல் கண்ணில் ஓர் அசைவு உண்டாகிறது. இந்த யோசனை ஹிரோஷிகெயுடையதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோடுகளை எடுத்தது செதுக்கியவரின் கை.

கோடு எடுப்பது என்பதை நேரில் பார்க்கும் வரை எனக்கு அதன் கஷ்டம் புரியவில்லை. தாளில் மழைக்கோடு வரைய ஓர் இழுப்பு போதும். மரத்தில் கோட்டை வெட்ட முடியாது. கோட்டைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். கோடு மட்டும் மிஞ்ச வேண்டும். கத்தியை முஷ்டியில் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்து முதலில் ஒரு புறம் வெட்டுகிறார்கள். பலகையைத் திருப்பி மறு புறம் வெட்டுகிறார்கள். இரண்டு வெட்டும் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் கோட்டின் அடி அகலமாகவும் முனை கூர்மையாகவும் நிற்கும். நேராக வெட்டினால் அச்சிடும் அழுத்தத்தில் கோடு ஒடிந்து விழும். பிறகு கோடுகளுக்கு இடையிலிருக்கும் மரத்தை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறக்க வேண்டும். படத்தின் மேல் ஓரத்திலிருந்து கீழ்வரை, ஆற்றையும் பாலத்தையும் ஆட்களையும் கடந்து, ஒரே தடிமனில், ஒரே சாய்வில், இப்படி எத்தனை கோடுகள்!

செதுக்குபவர்களுக்குள் படிநிலை உண்டு. உடை, மரம், கட்டடம் போன்றவற்றைச் செதுக்குபவர்கள் ஒரு நிலை. முகமும் தலையும் செதுக்குபவர்கள் அதற்கு மேல். எல்லாவற்றிலும் கடினம் பெண்களின் நெற்றியோரத்து முடி. ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இழை நிற்க வேண்டும். அழகிகளின் படங்களில் இந்த முடியைக் காட்டித்தான் பட்டறைகள் பெருமை பேசின. இயற்கைக் காட்சிகளில் பெண் முகம் பெரும்பாலும் எள்ளளவுதான் வரும். அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாகத் தலைமுடியில் பழகிய அந்தக் கை எங்கே போனது? ஹிரோஷிகெயின் மழைக்குள் போனது என்பதுதான் என் எண்ணம். 1830களில் ஊர்க்காட்சிப் படங்கள் எதோவில் பெருகியபோது, ஒரு நூற்றாண்டு காலம் பெண் முடியில் தேர்ந்த கைகள் அங்கே தயாராகக் காத்திருந்தன. ஓவியர் மழையை நினைத்தால் அதை மரத்தில் நிறுத்த ஆள் இருந்தார்கள். இல்லாதிருந்தால் அவர் மழையை நினைத்தே இருக்க மாட்டார்.

ஹொகுசாய்க்கு இது நன்றாகத் தெரியும். பதின்ம வயதில் அவரே செதுக்குபவரிடம் தொழில் பழகியவர். பிற்காலத்தில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்களில் அவர் தன் மூக்குகளைப் பற்றிச் சண்டை போடுகிறார். நான் வரைந்த மூக்கை விட்டுவிட்டு உதகாவா என்ற ஓவியர் குழுவின் பாணி மூக்கைச் செதுக்கி வைக்கிறார்கள், நான் போடாத கீழிமையைப் போடுகிறார்கள் என்று, எப்படி இருக்க வேண்டும் என வரைந்தும் காட்டுகிறார். எகாவா தொமேகிச்சி என்பவரையே செதுக்க வைக்கும்படி கேட்கிறார். 1834இல் வெளிவரத் தொடங்கிய 'புஜி மலையின் நூறு காட்சிகள்' நூலில் அந்த எகாவாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மேதை, குறிப்பிட்ட இன்னொருவரின் கை இல்லாமல் தன் படம் தன் படமாக இருக்காது என்று சொல்கிறார். நாமோ 2024இல் வந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பேரலையைப் பார்த்து ஹொகுசாய் என்ற ஒரே பெயரைத்தான் சொல்கிறோம்.

ஈரம்

அச்சிடுபவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. செதுக்குபவராவது நுணுக்கத்தைக் காட்டி நம்மை மலைக்க வைக்கிறார். அச்சிடுபவர் செய்வது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுபோல் தோன்றும். எனக்கு அவர்தான் பெரிய புதிர்.

தாள் கோசோ என்ற முசுக்கொட்டை இனச் செடியின் பட்டை நாரிலிருந்து கையால் எடுத்தது. எச்சிசென் பகுதியின் ஹோஷோ தாளுக்கு இன்றும் மதிப்பு அதிகம். அதன் மேல் வஜ்ஜிரமும் படிகாரமும் கலந்த நீரைப் பூசி உலர்த்துவார்கள். இது மிகுந்தால் வண்ணம் தாளுக்குள் இறங்காது, குறைந்தால் கசிந்து பரவும். அச்சிடுவதற்கு முந்தின நாளே தாள்களை ஈரமாக்கி அடுக்கி வைப்பார்கள். கடைசி வண்ணம் ஏறும்வரை அந்த ஈரம் மாறக் கூடாது. நடுவில் உலர்ந்தால் தாள் சுருங்கும். சுருங்கினால் வண்ணம் கோட்டை விட்டு விலகும்.

வண்ணங்கள் சரியான இடத்தில் விழுவதற்கான ஏற்பாடு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பலகையின் மூலையில் ஒரு சிறிய கோண வெட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு நேர்க்கோட்டு வெட்டு. கென்தோ என்று பெயர். தாளின் மூலையை முதலாவதில் பொருத்தி, ஓரத்தை இரண்டாவதில் சேர்த்து இறக்கினால் முடிந்தது. எல்லாப் பலகையிலும் இதே இரண்டு வெட்டுகள். 1765ஐ ஒட்டி ஓவியர் ஹருநொபுவின் படங்களோடு பல வண்ண அச்சு எதோவில் வேரூன்றியபோது, இந்த இரண்டு சின்ன வெட்டுகளை நம்பித்தான் அது நின்றது. விரல் இடுக்கில் தாளைப் பிடித்து, பார்க்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத வேகத்தில் அச்சிடுபவர் அதை இறக்கி வைப்பார்.

எண்ணெய் மை கிடையாது, எந்திரமும் கிடையாது. தண்ணீரில் கரைத்த நிறம், கூடவே கொஞ்சம் அரிசிப் பசை. குதிரை மயிர்த் தூரிகையின் நுனியைச் சுறாத்தோலில் தேய்த்து மென்மையாக்கியிருப்பார்கள். அந்தத் தூரிகையால் நிறத்தைப் பலகையில் பரப்பி, தாளை வைத்து, அதன் முதுகில் பாரென் என்ற வட்டமான கருவியால் தேய்ப்பார்கள். பாரெனுக்குள் இருப்பது மூங்கில் பாளையைக் கீறித் திரித்த கயிற்றின் சுருள். அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் ஒட்டி அரக்குப் பூசிய தட்டு. எல்லாவற்றையும் இன்னொரு மூங்கில் பாளை இறுக்கிக் கட்டியிருக்கும். கயிற்றின் முடிச்சுப் புடைப்புகள்தான் தாளை அழுத்துகின்றன. கோட்டுக்கு மெல்லிய கயிறு, பரந்த வண்ணத்துக்குத் தடித்த கயிறு. அச்சிடுபவர் சரிவான தாழ்ந்த மேசைக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, தோளிலிருந்து உடம்பின் எடை முழுவதையும் அந்த வட்டத்துக்குள் இறக்குகிறார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது பொகாஷி. வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வர வர வெளுப்பது, ஆற்றின் நடுநீரில் ஆழம் தெரிவது, எல்லாம் பொகாஷிதான். இதற்காகப் பலகையில் ஏதோ செதுக்கியிருப்பார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஒன்றுமே இல்லை. பலகை வழுவழுவென்று தட்டையாக இருக்கும். ஈரத் துணியால் அதைத் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறத்தை வைத்து, இடவலமாக இழுக்கிறார். நிறம் ஈரத்தில் கரைந்து மெல்லத் தேய்ந்து இல்லாமல் போகிறது. எங்கே தேய வேண்டும் என்பது அவர் கையில். ஒவ்வொரு தாளுக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பாலத்து மழையின் உச்சியில் திரண்டு நிற்கும் கறுப்பு மேகம் இதைவிடக் கடினம். அதற்கு நேரான எல்லையே கிடையாது. அச்சிடுபவர் ஈரப் பலகையில் நிறத்தைத் தன் மனம் போனபடி திட்டுத் திட்டாக விட்டு உருவாக்குவது. அதனால் தாளுக்குத் தாள் மேகம் வேறு. பிந்திய அச்சுகள் பலவற்றில் இந்தச் சிரமத்தை விட்டுவிட்டு மேலே ஒரு நேரான கறுப்புப் பட்டையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பலகை அதே பலகை, கோடு அதே கோடு, அங்கே மழை வரப்போகும் அச்சம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

எதோவிலிருந்து கியோத்தோ போகும் தோக்கைதோ நெடுஞ்சாலையைப் பற்றிய ஹிரோஷிகெயின் வரிசையில் வரும் கன்பாரா பனியிரவுப் படத்திலும் இதே கதை. சில தாள்களில் இருள் வானத்தின் உச்சியிலிருந்து இறங்குகிறது. வேறு சிலவற்றில் கூரைகளுக்கும் மலைக்கும் பின்னாலிருந்து மேலேறுகிறது. இரண்டும் இரண்டு இரவுகள். எந்த இரவு என்பதைப் பலகை சொல்வதில்லை.

தாளின் முதுகு

ஒரு அருங்காட்சியகத்தின் படிப்பறையில் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பழைய அச்சுத் தாள்களைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கண்ணாடிச் சட்டமில்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், மேசைமேல். பாலத்து மழை வந்தபோது நான் முன்பக்கத்தை நிறைய நேரம் பார்த்தேன். நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஓரத்தில் கறை. கேட்கலாமா என்று தயங்கி, பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பொறுப்பிலிருந்த அம்மா புன்னகையோடு இரண்டு கைகளாலும் தாளைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார்.

பின்பக்கத்திலும் படம் இருந்தது. இடம் வலமாக மாறி, மங்கி, ஆனால் முழுமையாக. பாலம் இருந்தது. ஆற்றின் நீலம் இருந்தது, முன்பக்கத்தைவிடச் சில இடங்களில் உயிரோடு. நிறம் தாளின் மேல் படியாமல் நாருக்குள் ஊறி மறுபுறம் வரை போயிருந்தது. அதன் மேல், படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்த தடங்கள். பாரென் போன வழிகள். மேகத்துக்குப் பின்னால் அவை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, பளபளப்பேறி இருந்தன. ஆற்றின் பின்னால் நீளவாக்கில் போயிருந்தன. ஓர் இடத்தில் தடம் ஓரத்தைத் தாண்டி வழுக்கியிருந்தது. நான் மூக்கு தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 1850களில் ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், இந்த இடத்தில் அழுத்தியிருக்கிறார், இந்த இடத்தில் விட்டிருக்கிறார். அவருடைய தோளின் எடை அந்தத் தாளில் அப்படியே இருந்தது. முன்பக்கம் மழையைக் காட்டியது. பின்பக்கம் அந்த மழை பெய்யவைக்கப்பட்ட விதத்தைக் காட்டியது.

என் நண்பர் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்த மேசையில்தான். தாள் ஒரு கருத்தின் நகலாக இருந்தால் அதற்குப் பின்பக்கம் தேவையில்லை. தொலைபேசித் திரையில் இருக்கும் பாலத்து மழைக்குப் பின்பக்கம் கிடையாது. அச்சு எந்திரத்தில் ஓடிய சுவரொட்டிக்கும் கிடையாது. வெறும் வெள்ளைதான். கையால் அச்சிட்ட தாள் ஒவ்வொன்றுக்கும் முதுகு உண்டு. ஒருவர் உட்கார்ந்து, ஈரம் பார்த்து, நிறத்தைத் துடைத்து, உடம்பை இறக்கிச் செய்த ஒரு நிகழ்வு அது. இப்போது ஒரு பட்டறையில் இளம் அச்சுக்காரர் ஒருவர் அதே வகை மரத்தில், அதே வகைத் தாளில் மேகத்தைத் துடைத்து எடுக்கிறார் என்றால், அவர் செய்வதும் அதே நிகழ்வுதான். 1857இன் தாளுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. அதை மறுக்கவில்லை, அதன் விலையும் நியாயம். ஹிரோஷிகெ பக்கத்தில் நின்று சரிபார்த்திருக்கக்கூடிய வண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் ஒன்றை அசல் என்றும் மற்றதைப் போலி என்றும் பிரிக்க என்னால் இனி முடியாது. கச்சேரியில் ஒரு கீர்த்தனையை இன்று பாடுகிறவரை நாம் நகல் என்று சொல்வதில்லை.

நீலமும் நெருப்பும்

இதற்கு எதிராகச் சொல்ல வலுவான வாதம் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பொருள்கள் மாறிவிட்டன என்பது அது. பழைய தாள்களில் குசும்பாச் சிவப்பும் அவுரி நீலமும் இருந்தன. பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் 1830ஐ ஒட்டி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. புஜி வரிசையின் வானமும் கடலும் அந்த நீலத்தால் வந்தவை. இயற்கைக் காட்சி என்ற வகையே அந்த நீலத்தின் தோளில் ஏறித்தான் எதோவில் பெரிதானது. அதற்கு முந்தைய நீலங்களில் சில வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், அவற்றால் ஒரு முழு வானத்தைத் துடைத்து எடுப்பது எளிதில்லை. ஆகவே நிறம் மாறினால் படம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீலமே அன்றைக்கு வெளியிலிருந்து வந்த புதுச்சரக்கு. எது கிடைக்கிறதோ அதை எடுத்து, கை அதற்குப் பழகி, புது வானம் ஒன்றைக் கண்டுபிடித்தது. இந்தத் தொழில் என்றுமே ஒரே பொருளில் உறைந்து நின்றதில்லை.

உறைந்து நிற்காததால்தான் அது நெருப்பையும் தாண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய முறை நலிந்துகொண்டிருந்தபோது, வாடனபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் நால்வர் முறையையே மீண்டும் கட்டினார். அவரோடு சேர்ந்த ஓவியர் கவாசே ஹாசுய் 1918இல் ஷியோபாரா காட்சிகளோடு தொடங்கி வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் மழையும் பனியும் நிலவும் வரைந்தார். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் வாடனபேயின் கடை எரிந்தது. செதுக்கிய பலகைகள், அச்சிட்டு வைத்த தாள்கள் எல்லாம் போயின. ஹாசுய்யின் வீடும், வருடக்கணக்கில் பயணங்களில் வரைந்து சேர்த்த குறிப்பேடுகளும் எரிந்தன. அதற்குப் பிறகு அவர் மீண்டும் பயணம் கிளம்பினார். சோஜோஜி கோயிலின் சிவப்பு வாயிலுக்கு முன் குடையைச் சாய்த்துப் பனியில் நடக்கும் பெண்ணின் படம் 1925இல் வந்தது. பலகை எரிந்தது, தாள் எரிந்தது, குறிப்பேடு எரிந்தது. எரியாமல் மிஞ்சியது கைகளுக்குள் இருந்ததுதான். அதை வைத்து இரண்டே வருடத்தில் இப்படி ஒரு பனியைக் கொண்டுவந்தார்கள்.

அதே காலத்தில் ஓவியர் யோஷிதா ஹிரோஷி 1926இல் பாய்மரப் படகுகளை ஒரே பலகைகளிலிருந்து காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என வெவ்வேறு பொழுதுகளாக அச்சிட வைத்தார். தானே செதுக்கவும் அச்சிடவும் தெரிந்துகொண்டு, தன் பட்டறையின் அச்சுக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். நான் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது கவனித்தது, படகு அசையவே இல்லை, நாள் மட்டும் நகர்கிறது. நாளை நகர்த்துவது அச்சிடுபவரின் வேலை.

வேறொரு வழியும் அந்தக் காலத்தில் பிறந்தது. வரைவதும் செதுக்குவதும் அச்சிடுவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது கலை என்றார்கள். யமமொதோ கானாயேயின் 1904ஆம் ஆண்டு மீனவர் படம் அதன் தொடக்கம். அதில் எனக்கு மரியாதை உண்டு, அந்த முரட்டு உளித்தடங்களில் ஒரு துணிச்சல் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய மழையைவிட நால்வர் சேர்ந்து பெய்வித்த மழையே என்னை நனைக்கிறது. ஒருவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும் இடத்தில் அவருக்குத் தெரியாத ஒன்று படத்துக்குள் நுழைய வழி குறைவு. ஹிரோஷிகெ வரைந்த கறுப்புக் கோடுகளில் அந்த மேகம் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் வேறொருவர்.

இன்றைக்கு இந்தத் தொழிலின் கவலைகள் வேறு. அகலமான மலைச் செர்ரிப் பலகை கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய முறையில் பாரென் கட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பத்து வருடம் பழக வேண்டிய வேலைக்கு இளைஞர்கள் வர வேண்டும், வந்தவர்களுக்குச் செதுக்கவும் அச்சிடவும் படம் வேண்டும். தோக்கியோவின் அதாச்சி பட்டறையைப் போன்ற இடங்களில் ஹிரோஷிகெயையும் ஹொகுசாயையும் மறுபடி செதுக்கித்தான் கை பழகுகிறது. என் நண்பர் திரும்ப வைத்த அந்தத் தாளை விற்ற காசில்தான் அடுத்த பலகைக்கு மரம் வாங்க வேண்டும். ஆகவே வாங்க முடிகிறவர்கள் வாங்குங்கள் என்றே சொல்வேன். வாங்காவிட்டாலும் சட்டத்துக்குள் போடாத தாள் எங்கேனும் கிடைத்தால் கையில் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். எதோவில் அவற்றை வாங்கியவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நேர் விளக்கில் தெரியாத அழுத்தமெல்லாம் அப்போது எழுந்து நிற்கும். கடைக்காரர் அனுமதித்தால் கவிழ்த்தும் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன ஆசை உண்டு. ஹாசுய்யின் சில படங்களை 1930களில் தோய் சதாஇச்சி என்ற பதிப்பாளர் வெளியிட்டார். அவற்றின் ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் அச்சாகியிருக்கின்றன. ஹிரோஷிகெயின் நூறு காட்சிகளிலும் சில தாள்களின் ஓரத்தில் செதுக்கியவரின் சிறு முத்திரை உண்டு. அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியர் பெயருக்குக் கீழே, தெரிந்த இடங்களிலாவது, அந்தப் பெயர்களையும் அதே அளவு எழுத்தில் போடலாம். தெரியாத இடங்களில், செதுக்கியவர் பெயர் தெரியவில்லை, அச்சிட்டவர் பெயர் தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதலாம். அதற்குச் சுவரில் இடம் இருக்கிறது.